ஒலி நாடகம் எழுதிப் பிழைக்க நான்கு வழிகள்: முதலில் எதில் கால் வைப்பது?

கரூரில் வீட்டு ஜவுளி ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் கணக்குப் பார்க்கும் தம்பி ஒருவன் போன மாதம் இரவு பத்து மணிக்கு அழைத்தான். மூன்று வருடமாக நாடகம் எழுதுகிறான். இரண்டு நாடகங்கள் வானொலியில் வந்திருக்கின்றன. "அக்கா, ஒரு செயலியில இருந்து கேட்டிருக்காங்க. இருநூறு எபிசோட். வேலைய விட்டுட்டு முழுசா இறங்கிடலாமா?" என்றான். குரலில் சந்தோஷமும் இருந்தது, பயமும் இருந்தது.

அன்றிரவு ஒன்றரை மணி நேரம் அவனிடம் பேசியதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். இதே கேள்வியோடு இன்னும் பலர் இருப்பீர்கள். தமிழில் ஒலிக்காக எழுதுகிறவருக்கு இன்று நான்கு வழிகள் உண்டு. வானொலி நிலையம், எபிசோட் கணக்கில் கதை வாங்கும் செயலிகள், நிறுவனங்களும் அமைப்புகளும் சொல்லிச் செய்யவைக்கும் வேலை, நாமே தயாரித்து வெளியிடுவது. பதினைந்து வருடமாக இந்த நான்கிலும் மாறி மாறி வேலை செய்திருக்கிறேன்.

எதில் எவ்வளவு கிடைக்கும் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். கேட்கவேண்டியதுதான், வாடகை மாதாமாதம் வருகிறது. ஆனால் பணத்தோடு சேர்த்து இன்னொன்றையும் எடைபோட வேண்டும். வேலை முடிந்து, வந்த பணமும் செலவான பிறகு கையில் என்ன மிஞ்சுகிறது? எழுத்தின் உரிமை மிஞ்சலாம். காது கூர்மையாகியிருக்கலாம். அடுத்த வேலைக்குக் கூப்பிடுகிற ஆட்களின் பழக்கம் கிடைத்திருக்கலாம். இந்த மூன்றில் ஒன்றுகூட மிஞ்சாத வேலையை, எவ்வளவு கொடுத்தாலும், நெடுநாள் செய்யக்கூடாது என்பது என் முடிவு.

வானொலி நிலையம்

அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூனில் தொடங்கியது, திருச்சி அடுத்த வருடம் மே மாதம், திருநெல்வேலி 1963 டிசம்பரில். தமிழில் ஒலிக்காக எழுதும் பழக்கத்தின் பெரும்பகுதி இந்த நிலையங்களின் நாடக அறைகளில் உருவானதுதான். உள்ளே போக இரண்டு வழி. நடிக்க வேண்டுமென்றால் குரல் தேர்வு. மைக்கின் முன்னால் நிறுத்தி, வெவ்வேறு உணர்ச்சியில் படிக்கச் சொல்வார்கள். தேறினால் பி, பி-ஹை, ஏ, டாப் என்று தரம் உண்டு. எழுத்தாளருக்குக் குரல் தேர்வு கிடையாது. பிரதியை நாடகப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். படித்துப் பார்த்து ஏற்றுக்கொண்டால் ஒப்பந்தம் வரும், ஒலிபரப்புக்குப் பிறகு பணம் வங்கிக் கணக்குக்கு வரும்.

பணத்தைப் பொறுத்தவரை ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிடுகிறேன். இதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. வருடத்துக்கு ஓரிரு நாடகங்கள் ஏற்கப்பட்டாலே நல்ல வருடம். ஆனாலும் இந்தத் தொழிலுக்கு வர நினைக்கிற ஒவ்வொருவரையும் முதலில் இங்கேதான் அனுப்புவேன். காரணத்தைச் சொல்கிறேன்.

என் முதல் நாடகத்தின் ஒத்திகை. பிரதியில் ஒரு வரி எழுதியிருந்தேன்: "அதோ பார், சிவப்புச் சேலை கட்டிய பெண் ஒருத்தி கையில் விளக்கோடு நம் வீட்டை நோக்கி வருகிறாள்." அதைப் பேசவேண்டிய மூத்த கலைஞர் இரண்டு தடவை படித்துப் பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "கண்ணு, இத நான் யாருகிட்டம்மா சொல்றேன்? பக்கத்துல நிக்கிறவளுக்கும் கண்ணு இருக்குல்ல?" என்று கேட்டார். கோபமே இல்லாத குரல். கேட்கிறவர்களுக்குத் தெரியவேண்டும் என்பதற்காக, இரண்டு பாத்திரங்களும் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும் ஒன்றை ஒருவர் இன்னொருவருக்கு விவரிக்கவைத்திருந்தேன். தயாரிப்பாளர் அந்த வரியை அடித்துவிட்டு மேலே பென்சிலால் எழுதினார்: தூரத்தில் நாய். கொலுசுச் சத்தம், நெருங்கி வந்து நிற்கிறது. அதன் கீழே ஒரே வசனம்: "வந்துட்டா." அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

அந்த அறைகளின் அமைப்பே ஒரு பாடம். வெட்டவெளியில் பேசும் காட்சிக்குச் சுவரெல்லாம் ஒலியை உறிஞ்சும்படி செய்த ஓர் இடம், ஏனென்றால் வெளியில் எதிரொலி கிடையாது. கூடத்தில் நடக்கும் காட்சிக்கு லேசாகக் குரல் திரும்பி வரும் இன்னோர் இடம். ஒரு மூலையில் சுவரில்லாமல் நிற்கும் கதவு, தாழ்ப்பாளோடு. மைக்கிலிருந்து இரண்டு அடி விலகி முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினால் ஆள் அடுத்த அறையில் இருக்கிறார் என்று கேட்பவர் மனதில் பதிந்துவிடும். இதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்து கணினியில் கற்றுக்கொள்ளப் பல வருடம் ஆகும்.

இன்னொன்று, அளவு. அரை மணி நேர நாடகம் என்றால் அறிவிப்பு, இசை எல்லாம் போக இருபத்தேழு, இருபத்தெட்டு நிமிடம்தான். என் கணக்கில் தமிழ் வசனம் நிமிடத்துக்குச் சுமார் நூறு சொல் ஓடும், நிறுத்தமும் மௌனமும் சேர்த்து. அப்படியானால் 2,700 சொல். அதற்கு மேல் போனால் நடிகர்கள் மூச்சு வாங்க ஓடவேண்டியிருக்கும், மௌனம்தான் முதலில் பலியாகும். இந்தக் கணக்கு கைக்கு வந்துவிட்டால் வேறு எங்கு போனாலும் உதவும்.

ஒப்பந்தம் வந்ததும் மறுஒலிபரப்பு, பிற நிலையங்களில் ஒலிபரப்பு, இணையத்தில் ஏற்றுவது ஆகியவை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அரசு நிறுவனம்தானே என்று படிக்காமல் கையெழுத்திட வேண்டாம்.

செயலிகள்

பாக்கெட் எஃப்எம், குக்கு எஃப்எம் இரண்டும் 2018இல் தொடங்கியவை. முதலாவதில் காயின் கொடுத்து அடுத்த எபிசோடைத் திறக்க வேண்டும், இரண்டாவது சந்தாவில் ஓடுகிறது. இந்த வியாபார முறைதான் எழுத்தின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. ஒவ்வொரு எபிசோடும் கேட்பவர் விரலை அடுத்ததன்மேல் வைக்கும்படி முடியவேண்டும். எட்டு முதல் பன்னிரண்டு நிமிடம், கடைசி இருபது நொடியில் ஒரு திருப்பம், நூறு எபிசோட் தாண்டியும் கதை தீரக்கூடாது. இதைத் தாழ்வாக நினைக்கவே வேண்டாம். வாராவாரம் பத்திரிகைத் தொடர்கதையைப் பிடித்துப் படித்த குடும்பங்களில் வளர்ந்தவர்கள்தான் நாம்.

பணத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிறுவனத்துக்கு நிறுவனம் தொகை மாறும், பேச்சுக்கு எபிசோடுக்கு 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஓர் எபிசோட் 1,200 சொல். நாளுக்கு இரண்டு எழுதினால் 2,400 சொல், 1,200 ரூபாய். மாதம் இருபத்தைந்து நாள் எழுதினால் 30,000. பணம் தரும்போதே பிடித்துக்கொள்ளும் வருமான வரியான டிடிஎஸ் பத்து சதவீதம் போனால் கைக்கு 27,000. பிடித்ததை வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து, வரி கட்டவேண்டிய அளவு இல்லையென்றால் திரும்பப் பெறலாம். அதற்கு அடுத்த வருடம்வரை காத்திருக்க வேண்டும். இந்தக் கணக்கில் ஒரு நாள் காய்ச்சல், ஒரு கல்யாணம், "இந்தப் பத்து எபிசோடையும் மாத்திக் குடுங்க" என்று வரும் ஒரு மின்னஞ்சல் எதுவும் சேரவில்லை. உங்களுக்கு வரும் தொகையை வைத்து இதே கணக்கைத் தாளில் போடுங்கள், திருத்தி எழுதும் நாட்களையும் சேர்த்து.

நல்லதையும் சொல்லவேண்டும். தினமும் எழுதும் கட்டுப்பாடு இங்கே வந்தால் போகாது. மாதாமாதம் பணம் வரும், தனியாகத் தொழில் செய்கிறவருக்கு அது பெரிய நிம்மதி. அப்புறம், கேட்பவர்கள் எந்த எபிசோடில் கழன்றுகொள்கிறார்கள் என்ற கணக்கு நிறுவனத்திடம் இருக்கும். கேட்டால் அங்கே கதையைப் பார்த்துக்கொள்ளும் சில பொறுப்பாசிரியர்கள் காட்டுவார்கள். ஒருமுறை என் தொடரில் முப்பத்திரண்டாவது எபிசோடில் கூட்டம் சரிந்ததைக் காட்டினார்கள். திரும்பிப் படித்தேன். புதிதாக மூன்று பாத்திரங்களை ஒரே காட்சியில் அறிமுகப்படுத்தியிருந்தேன், மூன்றும் ஒரே வயதுப் பெண் குரல்கள். கேட்பவருக்கு யார் யாரென்றே தெரிந்திருக்காது. அந்தப் பாடத்தை வேறு யாரும் எனக்குச் சொல்லித் தந்திருக்க முடியாது.

ஆனால் உரிமை விஷயத்தில் நான் இங்கேதான் அடிபட்டேன். ஒரு நிறுவனத்துக்கு நூற்று அறுபது எபிசோட் எழுதியிருந்தபோது அம்மா மருத்துவமனையில் இருந்தார். ஆறு வாரம் அவகாசம் கேட்டேன். பத்தாவது நாள் வேறொருவர் என் கதையைத் தொடர்ந்து எழுத ஆரம்பித்துவிட்டார். அதில் ஒரு பாத்திரம் என் சித்தியின் பேச்சில் பேசும், லால்குடிப் பக்கத்துப் பேச்சு, கோபம் வந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்கிற பெண். மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து நூற்று எழுபதாவது எபிசோடைக் கேட்டேன். அவள் கத்திக்கொண்டிருந்தாள். நிறுவனத்தின் மேல் வழக்குப் போட எதுவும் இல்லை. எல்லா வடிவங்களிலும், எல்லா நாடுகளிலும், எக்காலத்துக்கும், தொடரவும் மாற்றவும் உரிமை தருகிறேன் என்று நான்தான் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

அதனால் சட்டத்தில் நமக்கு இருப்பதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை செய்யாமல் தனியாக எழுதிக் கொடுக்கும் பிரதியின் முதல் உரிமையாளர் எழுதியவர்தான். பணம் வாங்கிவிட்டோம் என்பதாலேயே உரிமை கைமாறிவிடாது. எழுத்தில், கையெழுத்தோடு மாற்றிக் கொடுத்தால்தான் மாறும். எத்தனை வருடத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்றே கொள்ளப்படும். எந்த நாடுகளுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லாத பட்சத்தில், உரிமை நம்மிடமே திரும்பும். 2012இல் வந்த திருத்தத்தின்படி, கையெழுத்துப் போட்ட நாளில் புழக்கத்திலேயே இல்லாத ஊடகத்துக்கு, அதைக் குறிப்பிட்டு எழுதினால் தவிர, அந்த ஒப்பந்தம் செல்லாது. எழுதியவர் நான்தான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை, மற்ற உரிமைகளை எல்லாம் கொடுத்த பிறகும் நம்மிடமே இருக்கும். இவ்வளவும் சட்டம் நமக்காக வைத்திருப்பவை. ஒப்பந்தம் தயாரிப்பவர்கள் ஒவ்வொரு வெற்றிடத்தையும் நிரப்பித்தான் அனுப்புவார்கள், அதனால் அந்த வெற்றிடங்கள் எங்கே என்று தெரிந்து படிக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் இப்போது புதிதாகப் பார்க்கவேண்டியது செயற்கைக் குரல் பற்றிய வரி. பிரதியை இயந்திரத்துக்குப் பயிற்சி கொடுக்கப் பயன்படுத்தலாமா, வேறு மொழிகளுக்கு இயந்திரத்தால் மாற்றலாமா, நீங்களே குரலும் கொடுத்திருந்தால் அந்தக் குரலை நகலெடுக்கலாமா? மூன்றும் தனித்தனிக் கேள்விகள். பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் அடக்கி வைத்திருப்பார்கள். தனித்தனியாகப் பிரித்துக் கேளுங்கள்.

சொல்லிச் செய்யவைக்கிறவர்கள்

இது ஒன்றும் புதிதில்லை. 1960களில் திருச்சி வானொலியின் வேளாண் நிகழ்ச்சிகளைக் கேட்டுத்தான் தஞ்சை உழவர்கள் ஏடிடி 27 நெல்லைப் பயிரிட்டார்கள். அந்த ரகத்துக்கு "வானொலி நெல்" என்றே பெயர் வந்துவிட்டது. ஒரு விஷயத்தை மக்கள் காதில் கொண்டுபோய்ச் சேர்க்கத் தெரிந்த எழுத்தாளருக்கு அன்று இருந்த தேவை இன்றும் இருக்கிறது. மருத்துவமனைகளின் விழிப்புணர்வு நாடகம், பள்ளிப் பாடங்களின் ஒலி வடிவம், அருங்காட்சியகத்தில் காதில் மாட்டிக்கொண்டு கேட்கும் விளக்கம், ஊழியர் பயிற்சி, முப்பது நொடி விளம்பரம். நான்கு வழிகளில் நிமிடக் கணக்கில் அதிகப் பணம் தருவது இதுதான். என் வீட்டு வாடகை பல வருடமாக இதிலிருந்துதான் போகிறது.

இங்கே கதை நம்முடையது இல்லை, அதனால் உரிமை போவதில் பெரிய வருத்தம் கிடையாது. மிஞ்சுவது ஆள் பழக்கம். ஒரு சர்க்கரை நோய் நாடகம் நன்றாக அமைந்தால் அதைக் கேட்ட அடுத்த மருத்துவர் அழைப்பார். தொல்லை இரண்டு இடத்தில் வரும். முதலாவது திருத்தம். நாடகம் என்றால் என்னவென்று தெரியாத ஐந்து பேர் கொண்ட குழு ஒவ்வொரு வசனத்தையும் பாடப்புத்தக நடையில் மாற்றச் சொல்லும். "இரண்டு முறை திருத்தம் இந்தத் தொகைக்குள், மூன்றாவதற்குத் தனிக் கட்டணம்" என்று முதல் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். பாதி முன்பணம் வாங்காமல் பேனா எடுக்காதீர்கள்.

இரண்டாவது தொல்லை, பணம் வரத் தாமதம். இதற்கு ஒரு நல்ல ஆயுதம் இருக்கிறது, நம் தொழிலில் இருப்பவர்கள் பலர் கவனிப்பதில்லை. உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு. இணையத்தில் இலவசமாகச் செய்யலாம். சேவை தருகிற தனி ஆளும் குறுந்தொழிலாகப் பதியலாம். பதிந்தவருக்குத் தரவேண்டிய பணத்தை அதிகபட்சம் 45 நாளுக்குள் தரவேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டி வீதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி. பதிவு எண்ணைப் பில்லின் மேலேயே அச்சிட ஆரம்பித்த பிறகு என் பில்கள் முன்னைவிடச் சீக்கிரம் நகர்கின்றன.

சமுதாய வானொலிகளையும் இங்கேயே சேர்த்துக்கொள்கிறேன். சென்னையில் 2004இல் தொடங்கிய அண்ணா எஃப்எம், பாம்பனில் மீனவர்களுக்காக ஒலிக்கும் கடல் ஓசை போன்றவை. பணம் பெரிதாக இருக்காது. ஆனால் ஒரு கடற்கரை ஊரின் பேச்சு எப்படி ஏறி இறங்குகிறது என்று அந்த ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து கேட்கும் வாய்ப்பு வேறு எங்கே கிடைக்கும்? இளைஞர்கள் ஒரு பருவமாவது போய் வரவேண்டும். தொலைக்காட்சித் தொடருக்கு வசனம் எழுதும் வேலை பற்றியும் கேட்கிறார்கள். அது வேறு தொழில், கண்ணுக்கான எழுத்து, இந்த ஒப்பீட்டில் அதற்கு இடமில்லை.

நாமே தயாரிப்பது

எனக்கு மிகப் பிடித்த வழி இதுதான், அதனாலேயே கவனமாகச் சொல்கிறேன். முதல் இரண்டு வருடம் இதில் பணம் வராது என்று வைத்துக்கொண்டே இறங்குங்கள். யூடியூபில் விளம்பர வருமானம் கிடைக்கவே 1,000 சந்தாதாரர்களும், பன்னிரண்டு மாதத்துக்குள் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். ஒலி நாடகத்துக்கு அந்த எண்ணிக்கை மெதுவாகத்தான் சேரும்.

செலவை அடக்கலாம். ஒரு டைனமிக் மைக், இரண்டு மைக் செருகிக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு ஹெட்ஃபோன், ஏற்கெனவே உள்ள கணினி போதும். கண்டென்சர் மைக்கை வாங்கச் சொல்லிக் கடைக்காரர் வற்புறுத்துவார், வீட்டில் பதிவு செய்கிறவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது. தெருவில் போகும் தயிர்க்காரர் குரல்வரை எடுத்துவிடும். எடிட்டிங்குக்கு ஆடாசிட்டி இலவசம். ரீப்பர் என்றால் அறுபது நாள் பழகிப் பார்க்கலாம், பிறகு தனிநபர் உரிமம் 60 டாலர். படுக்கையறையில் மெத்தையைச் சுவரோரம் நிறுத்தி, கயிறு கட்டி இரண்டு பக்கமும் ஜமுக்காளம் தொங்கவிட்டால் எதிரொலி பெருமளவு அடங்கும். மின்விசிறியையும் ஃபிரிட்ஜையும் அணைத்துவிட்டு, யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அந்த அறையின் மௌனத்தையும் பதிவு செய்துகொள்ளுங்கள். வசனங்களுக்கு இடையே வெட்டி ஒட்டும்போது அதுதான் ஒட்டுத் தெரியாமல் மூடும். முடித்த ஒலிப்பதிவின் சத்தத்தை மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் (காதுக்கு எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்று அளக்கும் அலகு) அருகில் வைத்தால் செல்பேசியில் கேட்கிறவர் ஒலியைக் கூட்டிக் குறைக்க வேண்டியிருக்காது.

நேரத்தைத்தான் யாரும் சரியாகக் கணக்குப் போடுவதில்லை. பழகும்வரை, முடிந்த ஒரு நிமிட ஒலிக்கு எடிட்டிங் மட்டும் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு நிமிட நாடகம் என்றால் பன்னிரண்டு மணி நேரம், எழுத்தும் ஒத்திகையும் பதிவும் தனி.

ஆனால் அந்த மணி நேரங்களில் நடப்பதை வேறெங்கும் வாங்க முடியாது. ஒழுகும் வீட்டில் ஓர் இரவைப் பற்றி ஒரு நாடகம் செய்தேன். கிழவியும் பேரனும், வெளியே மழை. மொட்டைமாடியில் மைக்கை வைத்து அசல் மழையையே பதிவு செய்தேன். வீட்டில் போட்டுக் கேட்டால் எண்ணெயில் எதையோ வதக்குகிற மாதிரி இருந்தது. இரண்டு நாள் கழித்துச் சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, கீழே அலுமினியக் குண்டான். காலியாக இருக்கும்போது டங், டங் என்று ஒரு வெறுமையான சத்தம். அரை இன்ச் தண்ணீர் ஏறியதும் சத்தம் உருண்டு ப்ளுக் என்றாகியது. பாதி நிரம்பியபோது கிட்டத்தட்டக் கேட்கவேயில்லை. அப்படியே குண்டானின் பக்கத்தில் மைக்கை வைத்து நாற்பது நிமிடம் பதிவு செய்தேன். நாடகத்தில் அதை மூன்று இடங்களில் வைத்தேன். முதல் காட்சியில் டங், நடுவில் ப்ளுக், கடைசியில் கிழவி எழுந்து குண்டானைத் தூக்கி ஊற்றிவிட்டு வைக்கிறாள், மறுபடி டங். "ரொம்ப நேரமா மழை பெய்யுது" என்று பேரன் சொல்கிற வரியை அடித்துவிட்டேன். இரவு எவ்வளவு நீளம் என்பதைக் குண்டானே சொல்லிவிட்டது. வானொலி அறையில் அந்தப் பெரியவர் கேட்ட கேள்விக்கு அன்றுதான் என்னால் பதில் சொல்ல முடிந்தது.

இணையத்திலிருந்து ஒலிகளை எடுப்பவர்கள் உரிமக் குறிப்பைப் படிக்கவேண்டும். ஃப்ரீசவுண்ட் மாதிரித் தளங்களில் சில ஒலிகளை எதற்கும் பயன்படுத்தலாம், சிலவற்றுக்குப் பெயர் போட வேண்டும், சிலவற்றை வியாபாரத்துக்குப் பயன்படுத்தவே கூடாது. நாளை அந்த நாடகத்தை யாராவது விலைக்குக் கேட்கும்போது ஒரே ஒரு காக்கை ஒலி தடையாக நிற்கும். அதேபோல் குரல் கொடுத்த நண்பர்களிடம், சிறு தொகையாவது கொடுத்து, இந்தப் பதிவை எங்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நட்பு இருக்கும்போதே வாங்கிவிடவேண்டிய காகிதம் அது.

மிஞ்சுவது என்ன என்று பார்த்தால் இங்கே எல்லாமே மிஞ்சும். ஒலிக்காகப் பிறந்த கதை ஒலியோடு நிற்பதில்லை. இலங்கை வானொலியில் ஒலித்த "கோமாளிகளின் கும்மாளம்" 1976இல் "கோமாளிகள்" என்ற திரைப்படமானது. அப்படி ஒரு கதவு திறக்கும் நாளில் திரை உரிமை உங்கள் கையில் இருந்தால்தான் பேசவாவது முடியும். பிரதியைப் பதிப்புரிமை அலுவலகத்தில் 500 ரூபாய் கட்டணத்தில் பதியலாம். பதியாவிட்டாலும் உரிமை உண்டு, பிரச்சினை வரும்போது பதிவு கைகொடுக்கும்.

கரூர்த் தம்பிக்கு

வேலையை இப்போது விடாதே என்றேன். அவன் சேமிப்பு நான்கு மாதச் செலவுக்குத்தான் வரும். வீட்டில் தங்கையின் படிப்பு வேறு இருக்கிறது. பத்து மாதச் செலவு கையில் இருந்து, சொல்லிச் செய்யவைக்கிற இரண்டு இடங்களாவது திரும்பக் கூப்பிடும் நிலை வந்த பிறகு வேலையை விடுவது பற்றிப் பேசலாம். ஏற்கெனவே கொஞ்சம் சேமித்துவைத்திருக்கிற, தனியாள், எடிட்டிங்கும் தெரிந்தவர் என்றால் என் பதில் மாறும். அவர் நேராகச் சொல்லிச் செய்யும் வேலையில் இறங்கி, மாதத்தில் ஐந்து நாளைச் சொந்த நாடகத்துக்கு ஒதுக்கலாம். எடிட்டிங் அறவே பிடிக்காதவர்கள் சொந்தத் தயாரிப்பைத் தொடவேண்டாம். வானொலியும் செயலியும் அவர்களுக்குப் பொருந்தும். எழுத ஆரம்பித்து ஒரு வருடம்கூட ஆகாதவர்கள் முதலில் நிலையத்துக்கு நான்கு பிரதி அனுப்பட்டும், திரும்பி வந்தாலும் பரவாயில்லை.

அப்புறம் அந்த இருநூறு எபிசோட். எந்தக் கதையைக் கேட்கிறார்கள் என்று கேட்டேன். அவன் பாட்டி தறிக்கூடத்தில் வேலை பார்த்த காலத்தை வைத்து ஒரு நாவலுக்காக நாலு வருடமாகக் குறிப்பெடுத்துவந்த கதை. அதைத்தான் சுருக்கம் எழுதி அனுப்பியிருந்தான். ஒப்பந்தத்தை அனுப்பச் சொன்னேன், பதினோரு பக்கம். மூன்று மாற்றங்கள் கேட்கச் சொன்னேன். அச்சு உரிமையும் திரை உரிமையும் அவனிடம் இருக்கவேண்டும், ஒலி உரிமை ஏழு வருடத்துக்கு மட்டும், செயற்கைக் குரல் பற்றிய வரியை நீக்கவேண்டும்.

போன திங்கட்கிழமை பதில் வந்தது. முதல் இரண்டுக்கும் ஒத்துக்கொண்டார்கள். மூன்றாவதற்கு முடியாது என்றுவிட்டார்கள். அவன் ஒரு நாள் யோசித்துவிட்டு, பாட்டியின் கதையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, ஒரு லாட்ஜில் நடக்கும் துப்பறியும் தொடருக்குச் சுருக்கம் எழுதி அனுப்பியிருக்கிறான். நாற்பது எபிசோட், காலை ஐந்து முதல் ஏழு மணி வரை எழுதி முடிக்கிற அளவு. ஞாயிற்றுக்கிழமை தறிச் சத்தம் பதிவு செய்யப் பக்கத்து ஊருக்குப் போகிறானாம், என் மைக்கைக் கடன் கேட்டிருக்கிறான். தறி ஓடும் சத்தத்தை மட்டும் எடுக்காதே, நூல் அறுந்து தறி நிற்கும்போது கூடத்தில் என்ன கேட்கிறது என்பதையும் எடுத்து வா என்று சொல்லியிருக்கிறேன்.